ஒற்றைத் தோள் பை

அத்தியாயம் 4

"கேமரா இருக்கு. லென்ஸ் மூணும் இருக்கு. ஃப்ளாஷ் இருக்கு. சார்ஜர்கூட சமத்தா சுருண்டு கெடக்கு. அப்புறம் என்ன சார் திருட்டுப் போச்சு, உங்க நிம்மதியா?" என்றான் லொடக்கு.

எதிரில் உட்கார்ந்திருந்த படக்காரர் சிரிக்கவில்லை.

லாண்டரிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அத்தையின் துப்பறியும் ஆபீஸ். கீழே ஓடும் இஸ்திரிப் பெட்டிகளின் சூடு ஏறி ஏறி, தரை எப்போதும் காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தத் தெருவுக்கே அவள் அத்தை. ஆனால் உண்மையான அத்தை உறவு லொடக்கு ஒருவனுக்குத்தான். அண்ணன் மகன். முப்பது வயதாகியும் எந்த வேலையிலும் நிலைக்காதவன். வாய் மட்டும் ஓரிடத்தில் நின்று நிலையாக வேலை பார்க்கும்.

"கார்டு போச்சு" என்றார் படக்காரர். "படம் பதிவாகுற மெமரி கார்டு. அதை உருவிட்டு அந்த இடத்துல ஒரு காலிக் கார்டைச் சொருகி வெச்சிருக்காங்க."

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் அத்தை.

"முந்தா நாள் ஒரு குடோனுக்குப் படம் எடுக்கப் போனேங்க. கம்பெனி விளம்பரத்துக்கு. நான் கிளம்பி வந்த கொஞ்ச நேரத்துல அங்க சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்து, ஒரு லோடுமேனுக்குக் கால் ஒடிஞ்சு போச்சு. பழியெல்லாம் லிஃப்ட் ஆபரேட்டர் தலையில. 'லிஃப்ட் பழுது, இயக்காதே'ன்னு போர்டு மாட்டிட்டுத்தான் போனேன்னு அவர் அழுகுறார். போர்டே இல்லைன்னு மத்தவங்க சொல்றாங்க. நேத்து சாயங்காலம் வீட்டுல உக்காந்து எடுத்த படத்தையெல்லாம் கேமராவிலேயே தள்ளித் தள்ளிப் பாக்குறேன். ஒரு படத்துல, அடுக்கின பெட்டிக்குப் பின்னால ஓரமா, ஒரு ஆள் அந்தப் போர்டைக் கழட்டிக்கிட்டு இருக்கான்."

"அட! யாரு?"

"தெரியல. முதுகுதான் விழுந்திருக்கு."

அத்தை அவரையே பார்த்தாள். அவர் மேஜை விளிம்பைப் பார்த்தார்.

"இன்னைக்கு மூணு மணிக்கு விசாரணை. ஆபரேட்டரை வேலையை விட்டுத் தூக்கி, போலீஸ்ல ஒப்படைக்கிறதா இருக்காங்க. நேத்தே அவருக்குப் போன் போட்டு, 'உன் பக்கம் சாட்சி இருக்கு, நிம்மதியாத் தூங்கு'ன்னு வாக்குக் குடுத்துட்டேன். காலைல ஸ்டுடியோவுக்குப் போய்ப் பிரதி எடுக்கலாம்னு கேமராவைத் திறந்தா, கார்டு வெறும் கார்டு."

அதே சமயம் அவருடைய போன் அடித்தது. எடுத்தார். "அண்ணே, கிளம்பிட்டீங்களாண்ணே? நான் குடோன் வாசல்லயே நிக்கிறேன்" என்று அந்தப் பக்கம் ஆபரேட்டரின் குரல் கேட்டது. "வந்துர்றேன்ப்பா" என்று சொல்லி வைத்தார்.

"பையை எங்க எங்க கழட்டி வெச்சீங்க?" என்று கேட்டாள் அத்தை.

"ஜூஸ் கடையில மட்டுந்தான். பஸ்ஸை விட்டு இறங்கினதும் மூஞ்சி கழுவுறதுக்காகக் கழட்டி நாற்காலியில வெச்சேன். அப்பத்தான் எவனோ கைவரிசை காட்டியிருக்கணும்."

"பஸ்ல?"

"பஸ்ல சான்ஸே இல்லைங்க."

"ஏன் இல்ல? நான் பாத்து வளர்ந்த ஊரு பஸ்ஸு சார் இது" என்று எழுந்தான் லொடக்கு. "நீங்க நில்லுங்க. நான் திருடன். அத்தே, நீ கண்டக்டர். விசிலு குடு."

பை படக்காரரின் முதுகில் குறுக்காகக் கிடந்தது. ஒற்றை வார். இடது தோளில் ஏறி, மார்பின் குறுக்கே இறங்கி, வலது விலாவைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயிருந்தது. லொடக்கு பின்னாலிருந்து தடவித் தடவிப் பார்த்தான். ஜிப்பைக் காணோம்.

"என்ன சார், பைக்கு வாயே இல்ல?"

"வாய் என் முதுகைப் பாத்துக்கிட்டு இருக்கு. பை பின்னால கெடக்குற வரைக்கும் எவனாலும் திறக்க முடியாது." படக்காரர் வலது விலாப் பக்கம் வாரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். பை அக்குளுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு மார்புக்கு வந்து நின்றது. ஜிப் இப்போது மேல் பக்கம். கண் மூடித் திறப்பதற்குள் கேமரா அவர் கையில் இருந்தது. "தோளை அசைக்கவே வேணாம். அதுக்காகத்தான் ரெட்டை வார்ப் பையை விட்டுட்டு இதுக்கு மாறினேன்."

கேமராவை நெஞ்சுக்கு நேரே பிடித்து, தலையைக் குனிந்து கண்ணை வைத்துக் காட்டினார். முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியே இருந்தன.

"புழுக்கமா இருக்கு. பையைக் கழட்டி வெச்சுட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்களேன்" என்றாள் அத்தை.

"பரவால்லைங்க. பழகிடுச்சு."

நெற்றியில் வேர்வை வழிந்தது. கைக்குட்டையை எடுத்தார். கை மேலே போகவில்லை. தலை கீழே வந்து கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போயிற்று.

அத்தை எழுந்து அவருக்குப் பின்னால் போய் ஃபேனைக் கூட்டிவிட்டாள். திரும்பும்போது அவருடைய தோளில் அழுந்தியிருந்த பஞ்சுத் திண்டை ஒரு கணம் பார்த்தாள். வாரின் பக்கிள் உடைந்து, அந்த இடத்தைக் கறுப்பு நூலால் இறுக்கித் தைத்திருந்தார்கள்.

"பக்கிளைத் தச்சது யாரு?"

"வீட்டுல. அது உடைஞ்சு ரொம்ப நாளாச்சு."

"நல்ல கை. லொடக்கு, ஆட்டோ பிடி."

*

ஜூஸ் கடையில் நாற்காலியே இல்லை. ஸ்டூல்கள் இருந்தன, அவற்றின் மேல் ஆட்கள் இருந்தார்கள். தரை முழுக்கத் தண்ணீரும் பழத்தோலும். படக்காரரை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு அத்தையும் லொடக்கும் உள்ளே போனார்கள்.

"காலைல பையோட ஒருத்தர் வந்தாரா, கேமராக்காரர்?"

"தினமும் வர்றவருதான்" என்றார் கடைக்காரர், மிக்ஸியை நிறுத்தாமலே. "சர்க்கரை போடாத சாத்துக்குடி."

"பையைக் கழட்டி எங்க வெச்சாரு?"

"கழட்டுறதா? அவரு பையைக் கழட்டி நான் பாத்ததே இல்லம்மா. மூஞ்சி கழுவும்போதுகூட முதுகுலதான் கெடக்கும். கையைத் தூக்க மாட்டாரு, குழாய்க்கு மூஞ்சியைக் கொண்டு போவாரு. மாடு தண்ணி குடிக்கிற மாதிரி. பாவம், ரெண்டு தோளும் இறுகிப் போச்சாம்."

வெளியே வந்ததும் லொடக்கு சொன்னான்: "அத்தே, நம்ம கட்சிக்காரரே நம்மகிட்ட புளுகுறாரு. ஃபீஸைக் கூட்டிரு."

"பொய் சொல்றவன் பயத்துல சொல்லுவான், இல்ல பாசத்துல சொல்லுவான். இவர் எதுல சொல்றாருன்னு பாக்கணும்."

ஆட்டோவில் ஏறினாள். "படக்காரரே, உங்க வீட்டுக்குப் போலாம்."

"வீட்டுக்கு எதுக்கு?" சட்டென்று வந்தது கேள்வி. "வீட்டுல ஒண்ணுமில்லைங்க. நேரம் வேற ஆகுது. வேணும்னா ஸ்டுடியோவுக்குப் போய்..."

"உங்க ரெண்டு கையும் நெஞ்சுக்கு மேல ஏறாது. வார்ல பக்கிளும் கிடையாது, தச்சாச்சு. இந்தப் பையை உங்களால தலைக்கு மேல தூக்கி மாட்டவும் முடியாது, கழட்டவும் முடியாது. அப்படியிருக்க நாற்காலியில கழட்டி வெச்சேன்னு சொன்னீங்க. அந்தக் கடையில நாற்காலியும் இல்ல."

படக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆட்டோவில் ஜன்னல் ஏது? தெருவைப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னொண்ணு" என்றாள் அத்தை. "வெறும் முதுகு விழுந்த படத்தை எவனாவது மெனக்கெட்டுத் திருடுவானா? ஊருல எல்லாருக்கும் முதுகு இருக்கு. அந்தப் படத்துல முகம் இருக்கு. அது உங்களுக்குத் தெரிஞ்ச முகம். யாரு?"

ஒரு சிக்னல் தாண்டியது. இன்னொன்றும் தாண்டியது.

"என் மச்சினன்" என்றார் படக்காரர். "சம்சாரத்தோட தம்பி. அந்தக் குடோன்ல அவன்தான் சூப்பர்வைசர்."



*

இரண்டாவது மாடி வீடு. வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே ஜன்னலுக்குப் புதுத் திரை, கருநீலம், இன்னும் மடிப்புக் கோடு கலையாமல் தொங்கியது.

"வாங்க, வாங்க" என்றாள் படக்காரரின் மனைவி. யார், என்ன என்று கேட்கவில்லை. நேரே கணவனிடம் போனாள். அவர் தலையைக் குனிந்தார். அவள் வாரைத் தூக்கித் தலை வழியாக எடுத்து, அவருடைய வலது கையை மெல்ல விடுவித்து, பையைக் கழற்றினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையிடமிருந்து பையை வாங்குகிற மாதிரி இருந்தது. எத்தனை நாள் பழக்கமோ.

பையைச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டினாள். மாட்டுவதற்கு முன் தோள் திண்டைக் கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

அத்தை தண்ணீர் வாங்கிக் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அதன் அட்டையில் ஒரு ஊசி குத்தியிருந்தது. ஊசியில் வால் மாதிரி கருநீல நூல்.

"திரை நீங்க தச்சதாம்மா?"

"ஆமாங்க. நேத்துத்தான்."

"காலைல இவருக்குப் பையை மாட்டி விட்டது?"

"நான்தான். வேற யாரு மாட்டுவா?"

"அதானே" என்றாள் அத்தை. "வேற யாரு?"

"அத்தே, சட்டுனு ஒடைச்சிரு. மணி ஆகுது" என்றான் லொடக்கு.

"உங்க வீட்டுக்காரர் பையிலருந்து ஒரு கார்டு காணாமப் போச்சும்மா. எடுத்தவங்க இவ்வளவு விலையுள்ள கேமராவைத் தொடல. லென்ஸைத் தொடல. கார்டை மட்டும் எடுத்துட்டு, அளவு சரியா இன்னொரு காலிக் கார்டை வெச்சிருக்காங்க. ஜேப்படிக்காரன் எவனும் கையில காலிக் கார்டோட பஸ் ஏற மாட்டான். அதெல்லாம் படக்காரர் வீட்டு மேஜை டிராயர்லதான் கெடக்கும்."

மனைவி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்" என்றார் படக்காரர். "போதும், விட்டுருங்க. நீங்க அதைச் சொல்லாதீங்க."

"சொல்றதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டீங்க?"

"இல்லைங்க. அவ இல்லைன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"அந்த வார்த்தை என்கிட்ட இல்லையே, படக்காரரே."

மனைவி கணவனையே பார்த்தாள். "உங்களுக்கு முதல்லேயே தெரியுமா?"

"ஸ்டுடியோவுல கார்டைப் பாத்ததுமே."

"அப்புறம் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவியே."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று லொடக்கு எதிர்பார்த்தான். அழவில்லை. அழுதிருந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நேத்து ஆபரேட்டர்கிட்ட போன்ல பேசினீங்களே, அடுப்படிக்குக் கேட்டுச்சு. சாட்சி இருக்குன்னு சொன்னீங்க. மாட்டினது யாரா இருக்கும்னு நீங்க தூங்கினப்புறம் கேமராவை எடுத்துப் பாத்தேன். என் தம்பி. எங்கம்மா போனப்ப அவனுக்கு மூணு வயசு. அவனுக்குச் சோறு பிசைஞ்சு ஊட்டின கைங்க இது. மேனேஜர் அவசரப்படுத்தியிருப்பான், இவன் போர்டைக் கழட்டியிருப்பான். கெட்டவன் இல்லைங்க அவன்."

"அந்த ஆபரேட்டருக்கும் யாரோ சோறு ஊட்டித்தான் வளத்திருப்பாங்கம்மா" என்றாள் அத்தை.

"தெரியும்" என்றாள் அவள். "தெரியாமலா தூக்கம் வரல?" பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க பண்ணது என்ன? பாத்ததும் என்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்ல? 'இந்த மாதிரி உன் தம்பி மாட்டிக்கிட்டான், நான் இதைக் குடுக்கத்தான் போறேன்'னு சொல்லியிருந்தா, சண்டை போட்டிருப்பேன், காலைப் பிடிச்சிருப்பேன். அது வேற. நீங்க ஒண்ணுமே சொல்லாம காலைல வந்து என் முன்னால தலையைக் குனிஞ்சு நின்னீங்க. என் தம்பியைக் கொண்டுபோய்க் குடுக்கப் போற பையை, என் கையாலேயே மாட்டி விடச் சொல்லி நின்னீங்க."

படக்காரரின் பார்வை சுவரில் தொங்கிய பையை விட்டு நகரவில்லை.

"மூணு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு" என்றாள் அத்தை. "நான் எழுந்து போய் எடுத்துரலாம். நீங்க எடுத்துக் குடுத்தா உங்களுக்கு நல்லது."

"எங்க இருக்குன்னு உனக்கு எப்படி அத்தே தெரியும்?" என்றான் லொடக்கு.

"இவர் காலைலருந்து அதைச் சுமந்துக்கிட்டுத்தான் நம்ம கூடவே அலையிறார். பக்கிள்ல கறுப்பு நூல். தோள் திண்டுல மட்டும் ரெண்டு விரக்கடைக்குக் கருநீலம். அது விழுறது தோளுக்குப் பின்பக்கம், அவர் கண்ணுக்கு எட்டாது. கைக்கும் எட்டாது. ஆபீஸ்லயே பாத்தேன். கறுப்பு நூல் தீர்ந்துபோச்சு போலன்னு நெனைச்சேன். இங்க வந்து திரையைப் பாத்தப்புறம்தான் விளங்குச்சு."

படக்காரர் தன் இடது தோளை வலது கையால் தொட முயன்றார். கை பாதியில் நின்றுவிட்டது. "என் தோள்லயேவா?" என்றார்.

"அடுப்புல போடத்தான் கொண்டு போனேன்" என்றாள் மனைவி. "நீங்க எடுத்த படம். கல்யாணமான நாள்லருந்து நீங்க எடுத்த ஒரு படத்தைக்கூட நான் கிழிச்சதில்ல. கை வரல. குடுக்கவும் மனசில்ல, அழிக்கவும் மனசில்ல. விசாரணை முடியுற வரைக்கும் இருக்கட்டும்னு வெச்சுத் தச்சேன்."

லொடக்கு பையை எடுக்கப் போனான்.

"தொடாதீங்க" என்றாள் அவள். "தச்சது நான். பிரிக்கிறதும் நானே பிரிக்கிறேன்."

காலண்டரிலிருந்து ஊசியை எடுத்தாள். பையை மடியில் போட்டுக்கொண்டு, ஊசி முனையால் தையல் தையலாக நெம்பினாள். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தாள். திண்டிலிருந்து கொஞ்சம் பஞ்சு வெளியே வந்தது. பஞ்சுக்குள்ளிருந்து தபால்தலை அளவில் அந்தக் கார்டு வந்தது. கணவனிடம் கொடுக்கவில்லை. மேஜையின் மேல் வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

படக்காரர் இடது கையால் கார்டை எடுத்துக் கேமராவில் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒரு படத்தில் நிறுத்தினார். அத்தையும் எட்டிப் பார்த்தாள். அடுக்கிய பெட்டிகள். ஓரத்தில் போர்டில் கை வைத்தபடி திரும்பிப் பார்க்கும் ஓர் இளவட்ட முகம். மூக்கும் தாடையும் அப்படியே அக்காவின் அச்சு.

மீண்டும் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். பிறகு, யோசிக்காமல், தினமும் செய்கிற பழக்கத்தில், மனைவி நின்ற பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தார்.

அவள் அசையவில்லை.

குனிந்த தலை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. லொடக்கு உதவப் போக ஒரு அடி எடுத்து வைத்தான். அத்தை அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினாள்.

படக்காரர் நிமிர்ந்தார். பையின் வாரை இடது கையில் சுற்றிக்கொண்டு, சந்தைப் பையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு, வாசலுக்கு நடந்தார். செருப்பை மாட்ட ரொம்ப நேரம் ஆயிற்று.

படியிறங்கும்போது லொடக்கு கிசுகிசுத்தான்: "அத்தே, நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?"

"ஆபரேட்டர் ஜெயிச்சாரு. வாயை மூடிக்கிட்டு படக்காரருக்கு முன்னால போய் ஆட்டோவை நிறுத்து. பையை மடியில வெச்சுக்கச் சொல்லு."

மேலே வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவள் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள். படக்காரர் முதல் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார். 'ஓடிப் போயிரு' என்று சொல்லப் போகிறாளா, 'ஓடாதே' என்று சொல்லப் போகிறாளா? மூன்று பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

"தம்பி," என்றது அவள் குரல். "சாப்பிட்டியாப்பா?"

அதற்கு மேல் கேட்க முடியாமல் படக்காரர் கீழே இறங்கினார். பிரிந்த திண்டிலிருந்து படிக்குப் படி பஞ்சு உதிர்ந்துகொண்டே போயிற்று.